குப்புற விழுந்தா கொழுக்கட்டை

ரொம்ப நாளாச்சு இங்க எழுதி. வகுப்பு, போஸ்டிங், பரீட்சைன்னு ஆணி கொஞ்சம் அதிகம். இப்போ பத்து நாள் லீவுல ஊருக்கு வந்திருக்கேன். ஊருன்னா ரங்கூன், கியாக்டடா.

புதுசா வர்றவங்களுக்காக இன்னொரு தடவை சொல்லிடறேன். எல்லாரும் தமிழ்நாட்டிலேர்ந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போவாங்க. நான் வெளிநாட்டிலேர்ந்து தமிழ்நாட்டுக்குப் படிக்கப் போனவ. கொள்ளுத்தாத்தா கப்பலேறி வந்த வழியிலயே திரும்பிப் போய், சென்னையில குழந்தைகளுக்கான பிசியோதெரபியில மாஸ்டர்ஸ் படிக்கறேன். அங்கே நான் பர்மாக்காரப் பொண்ணு. இங்கே வந்தா இந்தியாவில படிக்கற பொண்ணு. மொத்தத்தில ரெண்டு ஊர்லயும் நான் வெளியூர் :-)

இப்போ கரண்ட் இல்லை. நாலாவது மாடி பால்கனியில உக்காந்து, லேப்டாப்ல மிச்சமிருக்கிற பாட்டரியில இதை அடிச்சுக்கிட்டிருக்கேன். கீழே டீக்கடைக்காரர் குட்டி ஸ்டூல்களை எடுத்துப் போட்டாச்சு. பக்கத்துத் தெருதான் பழைய புஸ்தகக் கடைகள் இருக்கிற 37-ஆம் தெரு. எட்டிப் பார்த்தா சூலே பகோடாவோட உச்சி மட்டும் தெரியும். எனக்குப் பக்கத்தில என் அக்கா பையன், நாற்காலிக் காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். நின்னுட்டு, "பாத்தியா?"ங்கற மாதிரி என்னையே பார்க்கறான். இன்னைக்கு இவன் கதைதான்.

கொசுவத்தியைச் சுத்த விட்டுக்கோங்க. 2024 நவம்பர். சென்னையில வகுப்பு நடந்துக்கிட்டிருக்கு. அத்தான்கிட்டேர்ந்து செய்தி. "அக்காவுக்கு வலி வந்து ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்." விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன். 31 வாரம். அன்னைக்கு ராத்திரியே பிறந்துட்டான். எடை 1,380 கிராம்.

37 வாரம் முடியறதுக்குள்ள பிறந்தா குறைமாசம். 32 வாரத்துக்குள்ளன்னா ரொம்பவே குறைமாசம். 2020-ல மட்டும் உலகத்தில ஒரு கோடியே 34 லட்சம் குழந்தைங்க குறைமாசத்தில பிறந்தாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. பத்துல ஒண்ணு. இதெல்லாம் பரீட்சைக்கு நெட்டுரு போட்டு வச்சிருந்தேன். மூச்சுத் திணறல், மூளையில ரத்தக்கசிவு, விழித்திரை, பெருமூளை வாதம்னு வரிசையா ஒப்பிப்பேன். அன்னைக்கு ராத்திரி அந்த வரிசை முழுக்க ஹாஸ்டல் ஃபேனுக்குக் கீழே என்கூடவே படுத்திருந்தது. தெரியாதவங்களுக்குப் பயம் ஒண்ணு. படிச்சவளுக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பயம்.

அஞ்சு வாரம் ஆஸ்பத்திரி. (எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, அது இங்க தேவையில்லை.) முதல் சில நாள் அக்காவைப் பால் கொடுக்கற நேரத்துக்கு மட்டும்தான் உள்ளே விட்டாங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கணும். "என் புள்ளையை நான் பார்க்கறதுக்கு யார்கிட்டயோ அனுமதி கேக்கற மாதிரி இருக்குடி"ன்னு போன்ல சொன்னா. அப்புறம் ஒரு நர்ஸ்தான் அவனைத் தூக்கி, வெறும் டயப்பரோட, அக்கா நெஞ்சில வச்சுத் துணியால கட்டிவிட்டாங்களாம்.

அதுக்குப் பேர் கங்காரு பராமரிப்பு. கொலம்பியாவில பொகோட்டா நகரத்தில 1970-களோட கடைசியில எட்கர் ரே, எக்டர் மார்ட்டினெஸ்னு ரெண்டு டாக்டருங்க ஆரம்பிச்சது. ஏன் ஆரம்பிச்சாங்க தெரியுமா? இன்குபேட்டர் பத்தலை. ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு மூணு குழந்தைங்க, தொற்று, சாவு. சரி, அம்மா உடம்புச் சூடே போதும்னு நெஞ்சோட கட்டிவிட்டாங்க. இல்லாத கொடுமைக்குச் செஞ்ச வேலை, கடைசியில இருக்கிறவங்களுக்கும் நல்லதுன்னு ஆகிப்போச்சு. 2021-ல வந்த ஒரு பெரிய ஆய்வு இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியான்னு அஞ்சு நாட்டில நடந்தது. 1 கிலோவிலேர்ந்து 1.8 கிலோவுக்குள்ள இருக்கிற குழந்தைங்க. உடம்பு நிலைக்கு வந்தப்புறம் நெஞ்சில வைக்கறதுக்குப் பதிலா, பிறந்த உடனேயே வச்சா என்னாகும்னு பார்த்தாங்க. 28 நாளுக்குள்ள இறந்தவங்க 15.7 சதவீதத்திலேர்ந்து 12 சதவீதமாக் குறைஞ்சாங்க. அடுத்த வருஷமே உலக சுகாதார நிறுவனம், உடனே ஆரம்பிங்க, ஒரு நாளைக்கு 8 மணியிலேர்ந்து 24 மணி நேரம் வரைக்கும் வைங்கன்னு பரிந்துரையே மாத்திடுச்சு.

டிசம்பர்ல வீட்டுக்கு வந்தான். கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமா இருக்கிற ஊர். ஹீட்டராவது ஒண்ணாவது. எங்க அத்தான் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, லுங்கியை மார்பு வரைக்கும் ஏத்திக் கட்டி, அதுக்குள்ள அவனை வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்கச் சாய்வு நாற்காலியில கிடப்பார். ஹார்டுவேர் கடையில நாள் பூரா நின்னுட்டு வர்ற மனுஷன். அந்த போட்டோவை என் செல்போன்ல இன்னும் வச்சிருக்கேன்.

இதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. கெடுத்தது யாருன்னா, அடியேன்.

2025 மே மாசம் இருபது நாள் லீவுல வந்தேன். அவனுக்கு ஆறு மாசம். எதிர்வீட்டு பர்மியக் குடும்பத்திலயும் அதே வாரத்தில ஒரு பொண்ணு பிறந்திருந்தா, நிறைமாசத்தில. அவ பாய் முழுக்க உருள்றா. எங்காளு வச்ச இடத்தில வச்ச மாதிரி கிடக்கறான். அம்மா தினம் ரெண்டு தடவை எதிர்வீட்டு வாசலைப் பார்த்துட்டு வந்து பெருமூச்சு விடுவாங்க. வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டாங்க. அது இன்னும் மோசம்.

நான் வந்த மறுநாளே சார்ட் ஒட்டிட்டேன். கலர் பேனாவில, கட்டம் போட்டு. காலை 7 மணி, குப்புறப் படுக்க வைத்தல், 10 நிமிஷம். 9 மணி, உருட்டும் பயிற்சி, இடது 10, வலது 10. 11 மணி... இப்படி ஒரு நாளைக்கு ஆறு வேளை. செஞ்சதும் டிக் அடிக்கணும். நான் வேற தரையில உக்காந்துக்கிட்டு, அவன் இடுப்பைப் பிடிச்சு, காலை மடக்கி, "இப்படிக்கா, இல்லக்கா, கட்டைவிரலை இங்க வை"ன்னு ஒரே கிளாஸ். கையில இருக்கிற படிப்பை எல்லாம் அந்த அஞ்சரைக் கிலோ மேல இறக்கிட்டேன்.

நாலாவது நாள். உருட்டற பயிற்சி. அவன் வீறிட்டு அழறான். நான், "பரவாயில்லக்கா, கொஞ்சம் அழுதா ஒண்ணும் ஆகாது, இன்னும் மூணு தடவைதான்"ன்னு சொல்லிட்டேன். அக்கா அவனைப் பிடுங்கித் தோள்ல போட்டுக்கிட்டா. சுவத்தில இருந்த சார்ட்டைக் கிழிச்சா.

"நீ வந்து டாக்டராயிட்டே. அம்மா நர்ஸாயிட்டாங்க. அவரு வாட்ச்மேனாயிட்டாரு. இவனுக்கு அம்மா யாருடி? அஞ்சு வாரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னேன். இப்ப வீட்டுக்கு வந்தும் அந்தப் பக்கமே நிக்கச் சொல்றியா?"

எனக்குப் பேச்சே வரலை. பால்கனிக்கு வந்து உக்காந்துட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் சென்னையில எங்க மேடத்துக்குப் போன் போட்டேன். அழுகையும் ஆத்திரமுமா ஒப்பிச்சேன். முழுக்கக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"இன்னும் எத்தனை நாள் அங்க இருப்பே?"

"பதினாறு நாள் மேடம்."

"அப்புறம்?"

அவ்வளவுதான். அந்த "அப்புறம்"தான் மொத்தப் பாடமும். நான் போயிடுவேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வர்ற தெரபிஸ்டா இருந்தாலும் போயிடுவாங்க. ஒரு வாரத்தில 168 மணி நேரம் இருக்கு. மிச்சம் 167 மணி நேரமும் அவனைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, தூக்கித் திரிஞ்சு, தூங்க வைக்கறது அவங்கதான்.

"மூணு நாளைக்குக் கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. குழந்தையைத் தொடாதே. பாரு. அப்புறம் கேளு. சொல்லாதே, கேளு"ன்னாங்க மேடம். நெதர்லாந்தில குரோனிங்கன்ல டினேக்கே டிர்க்ஸ், மைனா ஹாடர்ஸ்-அல்க்ரான்னு ரெண்டு பேர் உருவாக்கின முறை ஒண்ணு இருக்கு, கோப்கான்னு பேரு. வகுப்பில படிச்சதுதான். அதில தெரபிஸ்ட் குழந்தை மேல கையே வைக்க மாட்டாங்க. குடும்பம் தன் பாட்டுக்கு விளையாடறதையும் குளிப்பாட்டறதையும் பார்ப்பாங்க, பேசுவாங்க, யோசனை கேட்டா சொல்லுவாங்க. கோச் மாதிரி. பரீட்சையில இதுக்கு நல்ல மார்க் வேற வாங்கியிருந்தேன்! மார்க் வாங்கறது வேற, கையைக் கட்டறது வேற.

முதல் நாள் பார்த்தது குளியல். அம்மா பலகையில உக்காந்து காலை நீட்டி, அவனை முழங்கால்லேர்ந்து கணுக்கால் வரைக்கும் குப்புறப் போட்டு, முதுகுல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தறாங்க. நம்ம வீட்டுப் பாட்டிங்க எல்லாரும் செய்யற அதே குளியல்தான். தண்ணி விழ விழ அவன் தலையைத் தூக்கறான். அம்மா, "யாரு, யாரு, யாரு அது?"ன்னு கேக்கக் கேக்க இன்னும் தூக்கறான். என் சார்ட்டில "காலை 7 மணி, குப்புறப் படுக்க வைத்தல்"னு இருந்ததை, சார்ட்டே இல்லாம எங்கம்மா தினம் செஞ்சுக்கிட்டிருந்தாங்க. சிரிச்சுக்கிட்டே செஞ்சாங்க, அவன் அழலை. நான் பாயில போட்டு அழ வச்சுச் செஞ்சேன்.

(மூக்கிலயும் வாயிலயும் எண்ணெய் விடற பழக்கத்தை மட்டும் நிறுத்தச் சொன்னேன். நுரையீரலுக்குள்ள போயிடும், குறைமாசக் குழந்தைக்கு ஆபத்து. அம்மா ரெண்டு நாள் முறைச்சுட்டு அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. குடும்பம்தான் முக்கியம்னா தெரிஞ்சதைச் சொல்லாம இருக்கறதுன்னு அர்த்தமில்லை.)

ரெண்டாவது, கேலண்டர். அம்மாகிட்ட உக்காந்து ரெண்டு தேதியில வட்டம் போட்டேன். ஒண்ணு அவன் பிறந்த தேதி. இன்னொண்ணு டாக்டர் முதல்ல சொல்லியிருந்த தேதி, ஜனவரி 12. "அம்மா, அவன் ஒன்பது வாரம் முன்னாடி வந்துட்டான். வயித்துக்குள்ள இருந்து செஞ்சிருக்க வேண்டிய வளர்ச்சியை வெளியில வந்து செஞ்சிருக்கான். உருள்றது, உக்கார்றதெல்லாம் ஜனவரியிலேர்ந்துதான் எண்ணணும். அவனுக்கு ஆறு மாசம் இல்லை, நாலு மாசம்." இதைத் திருத்தின வயசுன்னு சொல்லுவோம். ரெண்டு வயசு வரைக்கும் இப்படித்தான் பார்க்கணும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. அம்மா கேலண்டரையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அதுக்கப்புறம் எதிர்வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு வர்றது நின்னுச்சு. மத்த எல்லா தெரபியையும்விட அந்த வட்டத்துக்குத்தான் பலன் அதிகம்னு இப்பவும் நினைக்கறேன்.

மூணாவது நாள் அக்காகிட்ட கேட்டேன். "உனக்கு இப்ப என்னக்கா வேணும்? அவனுக்கு இல்லை, உனக்கு."

உருளணும், உக்காரணும்னு சொல்லுவான்னு எதிர்பார்த்தேன். அவ யோசிச்சுட்டு, "நான் சமையக்கட்டுல நிக்கற பத்து நிமிஷம் இவன் கீழே அழாம இருந்தா போதும்டி. கை விண்ணு விண்ணுன்னு வலிக்குது"ன்னா.

ஆறு வேளை சார்ட்டில எங்கயாவது இது இருந்ததா? அதுதான் எங்க முதல் குறிக்கோள். சமையக்கட்டு வாசல்ல பாய் விரிச்சு, பழைய லுங்கியைச் சுருட்டி அவன் மார்புக்குக் கீழே வச்சு, முழங்கை ஊணிக்கற மாதிரி விட்டோம். அக்கா வெங்காயம் நறுக்கிக்கிட்டே அவன்கூடப் பேசுவா. முதல் நாள் ரெண்டு நிமிஷம். ஒரு வாரத்தில ஏழு எட்டு நிமிஷம். (முழிச்சிருக்கும்போது, ஆள் பக்கத்தில இருக்கும்போது மட்டும் குப்புற. தூங்க வைக்கறது எப்பவும் மல்லாக்கத்தான்.)

அப்புறம் ஒரு அதிசயம் நடந்தது. ரங்கூன் பார்த்தவங்களுக்குத் தெரியும், எங்க தெருக்கள்ல ஒவ்வொரு பால்கனியிலேர்ந்தும் ஒரு கயிறு கீழே தொங்கும். முனையில கிளிப்பு இல்லேன்னா கூடை. லிஃப்ட் இல்லாத கட்டடம், நாலு மாடி ஏற முடியாது. பேப்பர்க்காரர், சாப்பாட்டுக்காரர் எல்லாரும் அதில மாட்டிக் கயிறை இழுப்பாங்க. எங்க கயிறுல மேல ஒரு சின்ன மணி கட்டியிருக்கோம். மணி அடிச்சா இவன் கண்ணைத் திருப்பித் தேடுவான். அதை கவனிச்சது அக்கா. ஒரு நாள் அவளே பாயைப் பால்கனிப் பக்கம் இழுத்துப் போட்டு, அவனை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கயிறை லேசா ஆட்டினா. அவன் கையை நீட்டினான். எட்டலை. இன்னும் நீட்டினான். தோள் சாஞ்சுது, இடுப்பு பின்னாலயே வந்துது. பாதி உருண்டு மறுபடி மல்லாக்க விழுந்துட்டான். ஆனா அழலை!

நான் வாயைத் திறக்கலை. கை பரபரங்குது, இடுப்புல ஒரு விரல் வச்சா முழுசா உருண்டுடுவான். ரெண்டு கையையும் தொடைக்கடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எம்.பி.டி. படிப்பிலயே கஷ்டமான பிராக்டிகல் அதுதான் :-)

நான் கிளம்பறதுக்கு முதல் நாள் ராத்திரி, கரண்ட் இல்லாத இருட்டுல அக்கா கேட்டா. "உண்மையைச் சொல்லு. இவன் நல்லா வருவானா?"

வகுப்பில இதுக்குப் பதில் இருக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குப் போனப்புறம் குடும்பத்தோட சேர்ந்து செய்யற இந்த மாதிரி பயிற்சிகளை எல்லாம் திரட்டிப் பார்த்திருக்காங்க. யோசிக்கற, புரிஞ்சுக்கற திறன்ல பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தின வயசு வரைக்கும் பலன் தெரியுது. கை கால் அசைவுல பலன் சின்னதுதான். பெருமூளை வாதம் வரணும்னு இருந்தா கயிறு மணி அதைத் தடுக்காது. இதை மறைச்சு, "எல்லாம் சரியாயிடும்"னு சொல்ல என்னால முடியலை.

"தெரியலைக்கா. இதுவரைக்கும் பார்த்ததில பயப்பட ஒண்ணும் தெரியலை. கால் விறைப்பா இருந்தாலோ, ஒரு கையை மட்டும் மூடியே வச்சிருந்தாலோ, ஒரு பக்கம் மட்டுமே உபயோகப்படுத்தினாலோ, சத்தத்துக்குத் திரும்பலைன்னாலோ உடனே டாக்டர்கிட்ட போகணும். ஆனா அதை முதல்ல கண்டுபிடிக்கப் போறது நானில்லை, டாக்டரில்லை. நீதான். மணிச் சத்தத்தைக் கண்டுபிடிச்சது யாரு?"

கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம், "சரி, தூங்கு. காலையில பிளைட்டு"ன்னா. அந்தக் குரல்ல சார்ட் கிழிச்சவ இல்லை.

சென்னைக்குப் போனப்புறம் ஆய்க்குடி பத்திப் படிச்சேன். தென்காசி பக்கம். 1975-ல கழுத்துல அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல ஆரம்பிச்ச அமர் சேவா சங்கம் அங்கதான் இருக்கு. கிராமத்துக் குழந்தைங்களைத் தேடி ஊர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போறாங்க. அவங்க கையில ஒரு செயலி, அவங்களுக்குப் பின்னால பிசியோ, பேச்சுப் பயிற்சின்னு நிபுணர்கள். அம்மா அப்பாவோட உக்காந்து குறிக்கோள் வைக்கறது, அம்மாவோட மனச் சுமையையும் பார்க்கறது, எல்லாம் அந்த வேலையில சேர்த்தி. இந்திய அரசு 2013-ல ஆரம்பிச்ச குழந்தைகள் நலத் திட்டத்தில மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம்னு வச்சிருக்காங்க. தமிழ்நாட்டில இருக்கிறவங்க, வீட்டில குறைமாசக் குழந்தை இருந்தா, உங்க மாவட்டத் தலைமை மருத்துவமனையில கேட்டுப் பாருங்க. எங்க அக்காவுக்குக் கைக்கெட்டற தூரத்தில அப்படி ஒண்ணு கிடைக்கலை. ஒரு பால்கனி, ஒரு கயிறு, ஒரு அம்மா, லுங்கியில ஒரு அத்தான். அவ்வளவுதான் கிடைச்சுது.

ஜூலையில ஒரு நாள், ரெண்டு தடவை அறுந்து மூணாவது தடவை வந்து சேர்ந்த வீடியோ. மணிச் சத்தம். கை நீட்டறான். தோள், இடுப்பு, கால்... தொப்புனு குப்புற. அக்கா கத்தறா. அம்மா, "அடுப்பை ஏத்துடி!"ங்கறாங்க. எங்க வீட்டில குழந்தை குப்புற விழுந்தா கொழுக்கட்டை. பிறந்த கணக்குல எட்டு மாசம், எங்க கேலண்டர் கணக்குல ஆறு மாசம். கொழுக்கட்டை கூடையில இறங்கி, கீழ்வீடு, டீக்கடை, எதிர்வீடுன்னு தெரு முழுக்கப் போச்சாம். எனக்கு மட்டும் வரலை. கயிறு சென்னை வரைக்கும் எட்டாது.

எதிர்வீட்டுப் பொண்ணு இப்போ நடக்கறா. இவன் நாற்காலிக் காலை விடறதா இல்லை. அம்மா கேலண்டரைப் பார்த்து, "அவனுக்கு இன்னும் ஒரு வயசே ஆகலை"ங்கறாங்க. நடப்பானா, எப்போ நடப்பான்னு எனக்குத் தெரியாது. கையை நீட்டி, "வா வா"ன்னு கூப்பிட ஆசையா இருக்கு. கூப்பிடலை. அக்கா உள்ளேயிருந்து வர்றா, அவ கூப்பிடட்டும்.

பாட்டரி 6 சதவீதம். பதிவை இதோட முடிச்சுக்கறேன்.

டிஸ்கி: இது என் அக்கா வீட்டுக் கதை. எல்லாக் குழந்தைக்கும் மருந்துச் சீட்டு இல்லை. குறைமாசக் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை (இந்தியாவில பிறந்த 30 நாளுக்குள்ள), காது பரிசோதனை ரெண்டையும் தள்ளிப் போடாதீங்க. மத்ததை உங்க குழந்தை டாக்டர்கிட்ட கேளுங்க. அப்புறம், வீட்டுக்கு வந்து சார்ட் ஒட்டற சித்தி யாராவது இருந்தா, முதல்ல கையைக் கட்டச் சொல்லுங்க :-)